மிளகாய் இலையைத் திருப்பிப் பார்த்த அக்காவுக்கு

ஸ்கார்பரோவில் குளிருக்கு வீட்டுக்குள் எடுத்து வைத்த கொச்சி மிளகாய்ச் செடி. இலைக்கடியில் உப்புத் தூவினது போல வெள்ளைப் பொருக்கு, கூடவே இலை உதிர்வு. பூச்சிமருந்துப் போத்தலும் ஓர் இலையுமாக நான் கடை வரிசையில் நிற்க, பின்னால் நின்ற நீங்கள் கேளாமலே இலையை வாங்கி நகத்தால் சுரண்டினீர்கள். பொருக்கு நசுங்கவில்லை, நகரவில்லை.

பூச்சியில்லை, நீர்க்கொப்புளம் என்றீர்கள். வெளிச்சம் குறைந்து மண் ஈரமாகவே கிடந்தால், வேர் இழுக்கும் தண்ணீரை இலையால் வெளிவிட முடியாது. உள்ளே செல்கள் வீங்கி வெடிக்கும். தொற்றாது. பழைய இலை ஆறாது, புதுத் துளிரைத்தான் பார்க்க வேண்டும். மேல்மண் 3 சென்ரிமீற்றர் காய்ந்த பிறகே தண்ணீர், எல்இடி விளக்கு 14 மணி நேரம், துளிர் வரும்வரை உரமே வேண்டாம்.

அதோடு விட்டீர்களா? வெள்ளைத் தாளின்மேல் இலையைத் தட்டும்போது புள்ளிகள் ஊர்ந்தால் சிலந்திப்பேன். இலை பிசுபிசுத்தால் அசுவினிப் பூச்சி. அப்போதுதான் பூச்சிக்கான சோப்புக் கரைசல், அதுவும் அடிப்பக்கம் முழுக்க நனைய. காய்ந்தபின் அது வேலை செய்யாது, முட்டையும் சாகாது. அதனால் 5 முதல் 7 நாளுக்கு ஒருதரம் திரும்ப அடிக்க வேணும். பாத்திரம் கழுவும் திரவம் இலையைக் கருக்கும் என்பதை மட்டும் இரண்டு தரம் சொன்னீர்கள்.

போத்தலைத் திரும்பக் கடைத் தட்டில் வைத்ததும் நீங்கள்தான்! துளிர் சுத்தமாக வருகிறது. மிக்க நன்றி அக்கா. இது கண்ணில் பட்டால் ஒரு வரி எழுதுங்கோ, காய்த்ததும் ஒரு பை உங்களுக்கு.