தாடிக்காக எங்கள் பிள்ளைகளைப் பந்தியிலிருந்து எழுப்பாதீர்கள்

மதிப்பிற்குரிய பாஸ்டர் ஐயா அவர்களுக்கும் மூப்பர் சகோதரர்களுக்கும்,

கர்த்தருடைய பரிசுத்த நாமத்தில் ஸ்தோத்திரம்.

போன மாதம் ஆராதனை முடிவில் நீங்கள் வாசித்த அறிவிப்பைப் பற்றித்தான் இந்த மடல். மூப்பர்களிடம் நேரில் பேசிப் பார்த்தேன். "பாஸ்டரம்மாகிட்ட சொல்லுங்க சிஸ்டர்" என்று அனுப்பிவிட்டார்கள். சகோதரிகள் கூடுகையில் பேசி முடிக்கிற விஷயமாக இது எனக்குத் தெரியவில்லை. காசிமேட்டிலும் தண்டையார்பேட்டையிலும் வியாசர்பாடியிலும் இருக்கிற மற்றச் சபைப் பிள்ளைகளும் இதே வருத்தத்தை என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். அதனால் எல்லோரும் வாசிக்கும்படியே எழுதுகிறேன்.

வாலிபர்கள் தாடியை மழித்துவிட்டுத்தான் வர வேண்டும் என்றீர்கள். முடி காதையும் சட்டைக் காலரையும் தொடக்கூடாது, ஃபேடு கட்டிங் கூடாது, கலர் கூடாது, மீறுகிறவர்களுக்கு மேடையில் பாடவும் வாசிக்கவும் இடமில்லை என்றீர்கள். அதுவரைக்கும் எனக்கு வருத்தம் உண்டு, வழக்கில்லை. மேடைக்கு ஓர் ஒழுங்கு வைக்கப் போதகருக்கு உரிமை இருக்கிறது. அதற்கு அடுத்ததாக நீங்கள் சொன்னதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. அப்படிப்பட்டவர்களுக்கு அப்பமும் ரசமும் பகிர்கிற திருவிருந்தில் பங்கில்லை, ஞானஸ்நானத்துக்கும் பெயர் கொடுக்க முடியாது.

ஐயா, இதைச் சொல்ல நமக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

நீங்கள் காட்டியது 1 கொரிந்தியர் 11:14. "புருஷன் மயிரை நீளமாய் வளர்க்கிறது அவனுக்குக் கனவீனமாயிருக்கிறது" என்று பவுல் எழுதியிருக்கிறார், நான் மறுக்கவில்லை. அதில் தாடி எங்கே இருக்கிறது? புதிய ஏற்பாடு முழுவதையும் புரட்டினாலும் தாடியை மழிக்கச் சொல்லும் கட்டளை ஒன்றுகூடக் கிடையாது. பழைய ஏற்பாட்டுக்குப் போனால் அங்கே இருப்பது இதற்கு நேர் எதிர். "தாடியின் ஓரங்களைக் கத்தரிக்காமலும்" என்கிறது லேவியராகமம் 19:27. சகோதரர் ஒருமித்து வாசம்பண்ணுவதைப் பற்றி நாம் ஆசையாகப் பாடுகிற 133ஆம் சங்கீதத்தில், அபிஷேக தைலம் ஆரோனுடைய தாடியில் வடிகிறது. ஒவ்வொரு பெரிய வெள்ளியன்றும் நீங்களே குரல் உடைந்து வாசிப்பீர்களே, ஏசாயா 50:6, "தாடைமயிரைப் பிடுங்குகிறவர்களுக்கு என் தாடையையும் ஒப்புக்கொடுத்தேன்" என்று. அது நம் ஆண்டவரைக் குறித்த வசனம் என்று விசுவாசிக்கிறோம். அப்படியானால் இந்த அறிவிப்பு யாரை வாசலுக்கு வெளியே நிறுத்துகிறது என்று ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள்.

முடி விஷயத்திலும் வேதம் ஒரே அளவைப் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை. எண்ணாகமம் 6இல் நசரேய விரதம் இருப்பவன் தலையில் சவரகன் கத்தி படவே கூடாது. சிம்சோனும் சாமுவேலும் அப்படி வளர்ந்தவர்கள்தான். கொரிந்து சபைக்கு அந்த வசனத்தை எழுதிய பவுலே, கொரிந்துக்குப் பக்கத்தில் இருந்த கெங்கிரேயாவில் ஒரு பொருத்தனைக்காகத் தலைச்சவரம் பண்ணிக்கொண்டதாக அப்போஸ்தலர் 18:18 சொல்கிறது. வளர்ப்பதும் களைவதும் அவரவர் தேவனோடு வைத்துக்கொண்ட காரியமாக இருந்திருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த மடலில் நான் முக்கியமாகச் சொல்ல வந்ததே அதுதான். 14ஆம் வசனத்தோடு நிறுத்தாமல் இன்னும் எட்டு வசனம் கீழே வாருங்கள். அதே அதிகாரம், அதே பவுல். இப்போது அவர் திருவிருந்துப் பந்தியைப் பற்றிப் பேசுகிறார். வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு சாப்பிட்டுவிட, இல்லாதவர்கள் பசியோடு நிற்கிறார்கள். கோபத்தோடு கேட்கிறார்: "தேவனுடைய சபையை அசட்டைபண்ணி, இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களா?" முடியைப் பற்றிப் பேசும்போது வராத கோபம் இங்கே வருகிறது. முடி வாக்குவாதத்தை "எங்களுக்கும், தேவனுடைய சபைகளுக்கும், அப்படிப்பட்ட வழக்கமில்லை" என்று 16ஆம் வசனத்திலேயே முடித்துவிட்டவர், பந்தியில் நடக்கும் அவமானத்தை அதிகாரம் முடிகிறவரை விடவில்லை. யார் அப்பத்தில் பங்குபெறலாம் என்பதற்கும் அங்கேயே வழி சொல்கிறார்: "எந்த மனுஷனும் தன்னைத்தானே சோதித்தறிந்து." தன்னைத்தானே. மூப்பர் வாசலில் நின்று கன்னத்தைப் பார்த்துச் சோதிக்கச் சொல்லவில்லை. கடைசியில் "ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள்" என்கிறார். பிள்ளைகளை விலக்குவதற்கு எடுத்த அதிகாரமே அவர்களுக்காகக் காத்திருக்கச் சொல்கிறது, ஐயா.

நம் முன்னோடிகளையும் பாருங்கள். பெந்தெகொஸ்தே எழுப்புதல் என்றாலே 1906, லாஸ் ஏஞ்சல்ஸ், அசுசா தெரு என்று பிரசங்கத்தில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறீர்கள். அங்கே ஊழியம் செய்த வில்லியம் சீமோர், அடிமைகளாயிருந்த பெற்றோருக்குப் பிறந்த கறுப்பினத்தவர், ஒரு கண்ணில் பார்வை இல்லாதவர். கறுப்பரும் வெள்ளையரும் ஒரே பெஞ்சில் உட்காராத காலத்தில் அவர்களைச் சேர்ந்து முழங்கால்படியிட வைத்தவர். அவருடைய புகைப்படத்தை எடுத்துப் பாருங்கள், முகத்தில் தாடி இருக்கிறது. இரட்சணிய சேனையைத் தொடங்கிய வில்லியம் பூத்துக்கு மார்பில் விழும் தாடி. பெரிய பிரசங்கிமாரான டி.எல்.மூடிக்கும் ஸ்பர்ஜனுக்கும் தாடி. நம் வீடுகளில் காலண்டரிலும் புத்தக அட்டையிலும் பார்த்துப் பழகிய சாது சுந்தர் சிங் தாடியோடுதான் இருப்பார். திருக்குறளை ஆங்கிலத்தில் தந்த ஜி.யு.போப் ஐயரின் வெண்தாடியைப் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். இத்தனை பேரையும் கர்த்தர் பயன்படுத்தினார். நம் அறிவிப்பின்படி ஒருவர்கூட நம் பந்தியில் உட்கார முடியாது.

இந்தச் சண்டை தமிழ்க் கிறிஸ்தவர்களுக்குப் புதிதும் இல்லை. 19ஆம் நூற்றாண்டில் கிறிஸ்தவனாகிறவன் குடுமியை வெட்டியே ஆக வேண்டுமா என்று மிஷனரிகளுக்குள்ளேயே பெரிய வாதம் நடந்தது. கால்டுவெல் குடுமியைப் பற்றித் தனியாகவே எழுதினார். அன்று குடுமி, இன்று தாடி. 1960களில் அமெரிக்காவில் ஹிப்பிகள் தலைமுடியையும் தாடியையும் வளர்த்தபோது, அங்கே பல சபைகளும் வேதாகமக் கல்லூரிகளும் பயந்துபோய் இப்படிச் சட்டம் போட்டன. அந்த ஊர்ப் பெற்றோருக்கு அன்று இருந்த பயம் நியாயமாகக்கூட இருந்திருக்கலாம். ஆனால் அந்த வாதங்களை இன்று காசிமேட்டுப் பிரசங்க மேடையில் பரிசுத்தத்தின் பிரமாணமாகக் கேட்கும்போது எனக்குச் சங்கடமாக இருக்கிறது.

இங்கே இந்தச் சட்டம் யார் தலையில் விழுகிறது என்று பாருங்கள். ஏசி ரூமில் வேலை பார்க்கிற பையன் தினமும் ஷேவ் செய்துகொள்வான், அவனுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. விசைப்படகில் போகிறவன் ஒரு வாரம், பத்து நாள் கடலில் கிடக்கிறான். எடுத்துப் போகும் நல்ல தண்ணீர் குடிக்கவும் சோறாக்கவும்தான். உப்புக்காற்றில் வெந்த கன்னத்தில் அங்கே யார் பிளேடு வைப்பார்கள்? விடியற்காலையில் துறைமுகத்துக்குள் படகு வந்து, மீனை இறக்கிக் கொடுத்துவிட்டு, ஒரு குளியல் போட்டுக்கொண்டு, தூக்கம்கூட இல்லாமல் ஆராதனைக்கு ஓடி வருகிறான். அந்த மனதைக் கர்த்தர் பார்க்க மாட்டாரா? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் மட்டும்தான் அவன் நம் சபைக்குத் தகுதியானவனா?

நம் பிள்ளைகளுக்கு வேறொரு பாரமும் இருக்கிறது, அதை நீங்களும் அறிவீர்கள். வியாசர்பாடி, புளியந்தோப்பு, காசிமேடு என்று முகவரி சொன்னாலே வேலை கொடுக்கிறவர்கள் ஒரு கணம் தயங்குகிறார்கள். கொஞ்சம் முடி வளர்ந்திருந்தால் வண்டி செக்கிங்கில் இவனைத்தான் ஓரம் கட்டுகிறார்கள். வியாசர்பாடி மைதானத்தில் அருமையாகப் பந்தாடுகிற பையன், நாய்க்குட்டியைக்கூட அதட்டத் தெரியாதவன், தலையின் பக்கவாட்டை ஒட்ட வெட்டியிருக்கிறான் என்பதற்காக ரவுடி என்று பெயர் வாங்குகிறான். என் ஞாயிறு பள்ளியில் சங்கீதம் 23ஐ மனப்பாடம் சொல்லிப் பரிசு வாங்கின பிள்ளை ஒருவன் இப்போது சபைக்கு வருவதில்லை. ஏன்டா என்று கேட்டதற்கு, "போலீசும் அத்தயே கேக்குது, சர்ச்சுலயும் அத்தயே கேக்கறாங்க, நான் எங்கதான் போறது ஆன்ட்டி?" என்றான். என்னிடம் பதில் இல்லை. உங்களிடம் இருந்தால் அவன் வீட்டுக்குப் போய்ச் சொல்லுங்கள், தெருவைக் காட்ட நான் கூட வருகிறேன்.

"மனுஷன் முகத்தைப் பார்ப்பான், கர்த்தரோ இருதயத்தைப் பார்க்கிறார்" என்பது சபைச் சுவரில் நாம் எழுதி வைத்திருக்கும் வசனம். ஊர் முகத்தைப் பார்த்துத் தள்ளிய பிள்ளைக்கு, முகத்தைப் பார்க்காத ஓர் இடம் வேண்டும். அதற்காகத்தானே சபை?

உங்கள் பயம் எனக்குத் தெரியும். கஞ்சாவும் மாத்திரையும் எத்தனை வீட்டைத் தின்றிருக்கிறது என்று நம் இருவருக்கும் தெரியும். வெட்டுக்குத்தில் போன பிள்ளைகளின் அடக்க ஆராதனையை நீங்கள் நடத்தியிருக்கிறீர்கள், தாய்மாரைப் பிடித்துக்கொண்டு நான் நின்றிருக்கிறேன். கும்பலோடு திரிந்தவன் ஒருவன் மனந்திரும்பி, பழைய கோலமே வேண்டாம் என்று தானாகப் போய்த் தலையையும் தாடியையும் எடுத்துவிட்டு வந்து சாட்சி சொன்னதையும் பார்த்தேன். அது உண்மையான சாட்சி. சுந்தர் சிங்கும் சீக்கியக் குடும்பத்தில் பிறந்து, ஆண்டவருக்காகத் தன் நீண்ட முடியைத் தானே வெட்டிக்கொண்டவர்தான். வீடே அவரை வெளியே தள்ளியது. ஆனால் அவர்கள் செலுத்தியது காணிக்கை. ஒருவன் மனதார வைத்த காணிக்கையைக் காட்டி, அதே தொகையை எல்லோரிடமும் வரியாகப் பிடுங்க முடியாது. பிடுங்கினால் அவமானம் ஒன்றுதான் மிச்சம். தாவீதின் ஊழியக்காரருக்கு அம்மோனியர் பாதித் தாடியைச் சிரைத்து அனுப்பினபோது, அவர்கள் எவ்வளவு வெட்கப்பட்டார்கள் என்று 2 சாமுவேல் 10இல் வாசிக்கிறோம். தாவீது அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. தாடி வளரும்வரை எரிகோவில் இருந்துவிட்டு வாருங்கள் என்று ஆள் அனுப்பினான்.

ஆப்கானிஸ்தானுக்காக உபவாச ஜெபத்தில் பாரத்தோடு ஜெபித்தோம். அங்கே தாலிபான் அரசு 2024 ஆகஸ்டில் எழுத்தில் கொண்டுவந்த சட்டத்தில், ஆண்களின் தாடி ஒரு கைப்பிடி அளவுக்குக் குறையக் கூடாது என்று இருக்கிறது. தாடி வளர்க்காத குற்றத்துக்காகப் பாதுகாப்புப் படையில் 280க்கும் மேற்பட்டவர்களை வேலையை விட்டு எடுத்ததாக அவர்களே அறிவித்தார்கள். கேட்டபோது நாம் எல்லோரும் பதறினோம். அங்கே வளர்த்தே ஆக வேண்டும், இங்கே மழித்தே ஆக வேண்டும். இரண்டு இடத்திலும் வாலிபனின் கன்னத்தை அளந்துதான் அவன் பக்தியைத் தீர்மானிக்கிறார்கள். ஒழுங்குக்குப் பெயர்போன நம் ஊர்க் காவல் துறையிலேயே இஸ்லாமியக் காவலர்கள் தாடியைச் சீராக வைத்துக்கொள்ள 1957ஆம் வருஷத்து மெட்ராஸ் போலீஸ் கெஜட் இடம் கொடுத்திருக்கிறது. 2024 ஜூலையில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதை எடுத்துக்காட்டியே ஒரு காவலருக்கு நியாயம் செய்தது. சீருடைக்காரர்களிடம் இருக்கிற இரக்கம் இரத்தத்தால் மீட்கப்பட்டவர்களிடம் இருக்க வேண்டாமா?

சபையை நடத்துகிற கண்காணியாக இருக்கிறவனுக்கு என்ன தகுதி வேண்டும் என்று 1 தீமோத்தேயு 3இல் நீளமாக இருக்கிறது. பண ஆசை இருக்கக் கூடாது, சண்டைக்காரனாக இருக்கக் கூடாது, குடிக்கு அடிமையாக இருக்கக் கூடாது, தன் குடும்பத்தை நன்றாக நடத்த வேண்டும். அதில் முடி இல்லை. சபையில் யாரைச் சோதிப்பதானாலும் இதை வைத்துச் சோதியுங்கள், நான் எழுந்து நின்று ஆமென் சொல்வேன். கந்துவட்டிக்கு விடுகிறவர் மழமழவென்று மழித்த முகத்தோடு முதல் வரிசையில் உட்கார்ந்து அப்பத்தில் பங்குபெறுகிறார். மனைவியை அடிக்கிறவரும் பங்குபெறுகிறார். அடிபட்ட அந்தச் சகோதரிகள் என்னிடம் வந்து அழுகிறார்கள். அவர்களைக் குறித்து இதுவரை ஓர் அறிவிப்பும் வாசிக்கப்படவில்லை.

நான் கேட்பது இவ்வளவுதான். திருவிருந்தையும் ஞானஸ்நானத்தையும் இந்தச் சட்டத்திலிருந்து எடுத்துவிடுங்கள். மேடைக்கு ஒழுங்கு வேண்டுமென்றால், சுத்தமாகச் சீவி வாருங்கள், தாடியை ஒதுக்கி வாருங்கள் என்று அன்பாகச் சொல்லுங்கள், பிள்ளைகள் கேட்பார்கள். கல்யாணத்துக்குத் தேதி கேட்டு வருகிறவனிடம் தாடியைக் காட்டி இழுத்தடிக்காதீர்கள். வாலிபர்களையும் கூப்பிட்டு உட்காரவைத்து, 1 கொரிந்தியர் 11ஐ முதல் வசனத்திலிருந்து கடைசி வசனம்வரை எல்லோரும் சேர்ந்து வாசிப்போம். வராமல் நின்றுபோனவர்களின் பெயர்கள் என் ஞாயிறு பள்ளிப் பழைய ரெஜிஸ்டரில் இருக்கின்றன, வீடுகளும் எனக்குத் தெரியும். மூப்பர்கள் இரண்டு பேர் என்னோடு வந்தால் போதும்.

வருகிற மாதம் முதல் ஞாயிறு திருவிருந்து. அதற்கு முந்தின வாரமே அந்தப் பிள்ளைகளை நான் அழைக்கப் போக வேண்டும். அழைத்து வந்த பிறகு வாசலில் திருப்பி அனுப்பினால் அவர்கள் மறுபடியும் வர மாட்டார்கள். ஆகவே அதற்குள் எனக்கு உங்கள் பதில் வேண்டும் ஐயா.

கிறிஸ்துவுக்குள்,
உங்கள் சபையின் ஞாயிறு பள்ளி ஆசிரியை,
காசிமேடு