தம்பிக்கு, அப்பா எழுதுறது

தம்பி, சாப்டியா. போன் பண்ணா "ம், சரிப்பா"ன்னு வச்சிடுற, அதான் எழுதுறேன், பொறுமையா படி. இங்க மழ பரவால்ல. அம்மாவுக்கு மூட்டு வலி அப்படியேதான் இருக்கு.

பரண ஒதுங்க வச்சப்ப உன் மல்யுத்த ட்ரம்ப் கார்டு டப்பா கெடச்சுச்சு, ரப்பர் பேண்டு உருகி கார்டோட ஒட்டிப்போச்சு. மேலயே எடி கெரேரோ. உயரம் கேட்டா தோக்குற கார்டு, ஆனா அது கைவிட்டுப் போனா அழுது திருப்பி வாங்கிட்டு வருவ.

அன்னிக்கு ராத்திரி தூக்கம் வராம யூட்யூப்ல அவரப் பத்தியே பாத்துட்டிருந்தேன். எல் பாசோ ஊர்க்காரராம், அப்பா, அண்ணனுங்க எல்லாருமே மல்யுத்தம், வீட்டுக் கொல்லையிலயே ரிங் போட்டிருந்தாங்களாம். அஞ்சடி எட்டு அங்குல ஆளு, 2004 பிப்ரவரில அந்த மல மாதிரி பிராக் லெஸ்னர ஜெயிச்சு சாம்பியன் பெல்ட்டோட கூட்டத்துக்குள்ள குதிக்கிறார், எனக்கே கண்ணு கலங்கிடுச்சு. 99ல கார் ஆக்சிடென்ட், அப்புறம் வலி மாத்திர பழக்கம், குடி, 2001ல வேலையே போச்சு, எல்லாத்தையும் விட்டு நாலு வருஷம் சுத்தமா இருந்திருக்கார்யா. 2005 நவம்பர் 13, மினியாபோலிஸ்ல ஓட்டல் பாத்ரூம்ல கெடந்தவர அண்ணன் மகன்தான் பாத்திருக்கான். இதயத்துக்குப் போற ரத்தக்குழாய் சுருங்கிப் போயிருந்துச்சாம். வயசு 38. கணக்கு போடக்கூடாதுதான், உன் வயச வச்சு போட்டுட்டேன்.

நீ ஒரு ஈசிஜி எடுத்துடு தம்பி. அவர் போய் மூணு மாசத்துல அவர் சண்ட போட்ட அந்த டபிள்யூடபிள்யூஈ கம்பெனியே போதை டெஸ்ட்டுன்னு ரூல் கொண்டு வந்துச்சு, பயம் அவங்களுக்கே வந்துச்சுல்ல. வெளிய பாக்க ஒடம்பு இரும்பா இருக்கும், பெரியப்பாவும் அப்படித்தான இருந்தார்.

உன் போட்டோவ கடைல எல்லார்கிட்டயும் காட்டுறேன், என் பையன்னு. அதே வாய்தான் திண்டுக்கல் கல்யாணத்துல அத்தன பேர் முன்னாடி உன்ன ஒட்டடக்குச்சின்னு சொல்லுச்சு. நீ பந்திலருந்து பாதில எந்திரிச்சு போன, நான் அத கூட சிரிச்சுட்டே சொன்னேன். அடுத்த மாசமே ஜிம்ல சேந்த. நானா வெதச்சது இது, இத்தன வருஷம் உன் உழைப்புன்னு பெருமையா சொல்லிட்டிருந்தேன். எடி செத்தப்பவும் நீ டிவி முன்னாடி அழுத, பொய்ச் சண்ட போடுறவனுக்கு என்னடா அழுகன்னு ஆஃப் பண்ணேன். அந்த ரெண்டுக்கும் உன்கிட்ட நான் மன்னிப்பு கேட்டதே இல்ல, இப்ப கேக்குறேன்.

அதுக்காக நீ மாசக்கணக்கா பேசாம இருக்கறதும் சரியில்ல, அம்மா போன கைலயே வச்சிட்டு உக்காந்திருக்கா.

முட்ட சாப்டு, பால் குடி, பருப்பு சாப்டு, அதுல வர்ற ஒடம்பு போதும்யா. ஈசிஜி எடு, செலவுக்கு நான் அனுப்புறேன்.

பொங்கலுக்கு வந்தப்ப துவைக்க சட்ட எடுக்க உன் பேக தொறந்தேன். ஊசியும் அந்த சின்ன பாட்டிலும் இருந்துச்சு. இருந்த மாதிரியே வச்சிட்டேன். அம்மாகிட்ட சொல்லல.

ஞாயித்துக்கெழம கூப்பிடு. நான் மாடில தனியா இருப்பேன்.

அப்பா