மத்தியானம் என்னைச் சாப்பிட வைத்தவர்களுக்கு

போன வருஷம் ஒன்பதாம் வகுப்பில் எனக்குத் துணையாக இருந்தவர்களுக்கு நேரில் நன்றி சொல்லலாம் என்றால் வாயே வரமாட்டேன் என்கிறது, அதனால் எழுதிவிடுகிறேன். பெயர் யாருடையதும் போடவில்லை. படித்தால் உங்களுக்கே தெரியும்.

மற்றவர்களுக்குக் கதைச் சுருக்கம். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை கிடைத்து பரமக்குடியிலிருந்து வந்தோம். புதுப் பள்ளியில் முதல் வாரமே அம்மா கட்டிக்கொடுத்த குழம்பு எனக்குப் பெயராகிவிட்டது. கருவாடு. நான் உள்ளே வந்தால் நாலு பேர் மூக்கைப் பிடிப்பார்கள், மற்றவர்கள் சிரிப்பார்கள், என் பை கழிப்பறைப் பக்கம் கிடக்கும், அப்புறம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் மீன் உடம்பில் என் முகத்தை ஒட்டி ஸ்டிக்கர் வர ஆரம்பித்தது. பள்ளிக்கூடத்தில் நடப்பதாவது நாலரை மணிக்கு முடிந்துவிடும், இது ராத்திரி படுக்கை வரைக்கும் வந்தது. தயிர் சாதம் கொண்டுபோனாலும் அதே பேச்சுதான் என்றானதும் டிபன் பாக்ஸைத் திறப்பதையே விட்டுவிட்டேன்.

"கண்டுக்காதே, தானா நின்னுடும்" என்று சொன்னவர்கள் நிறையப் பேர். அவர்களுக்கு இந்த மடலில் இடமில்லை, கோபித்துக்கொள்ள வேண்டாம். கண்டுக்காமல்தான் இருந்தேன், ஸ்டிக்கர்தான் கூடிக்கொண்டே போனது.

எங்கள் லைன் வீட்டுக் கடைசிக் கதவு அம்மிச்சி, முதல் நன்றி உங்களுக்கு. "ஏஞ்சாமி, தெனமும் நாய்க்குக் கொட்டறயே, நீ மத்தியானம் என்ன தின்னே?" என்று நீங்கள் கேட்டிருக்காவிட்டால் அம்மாவுக்கு இன்றுவரை தெரிந்திருக்காது.

அம்மா வேலை பார்க்கும் பவர்டேபிள் (தையல் மெசின் வரிசை) கான்ட்ராக்டர் அண்ணனுக்கு அடுத்தது. பீஸ் ரேட்டில் அரை நாள் போனால் சனிக்கிழமை சம்பளத்தில் தெரியும், அதிலும் ஷிப்மெண்ட் நெருக்கடி, லீவு கேட்கவே அம்மா தயங்கினார். நீங்களோ "மெசினு எங்கயும் போயிராதுங்க்கா, மொதல்ல பையனப் பாருங்க" என்று அனுப்பிவைத்து, மீதி பண்டலை நீங்களே உட்கார்ந்து தைத்து அம்மா கணக்கிலேயே எழுதினீர்களாம். இதை அம்மா எங்கள் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் போன் போட்டுச் சொல்லியாயிற்று.

14417 எண்ணில் பேசிய அக்கா யாரென்று தெரியாது. பள்ளிக்கல்வித் துறை உதவி எண் என்றதும் மார்க், ஸ்காலர்ஷிப் மட்டும்தான் பேசுவார்கள் என்று நினைத்திருந்தேன். அவர் அவசரப்படுத்தாமல் முழுசாகக் கேட்டார். ஸ்டிக்கரை அழிக்காதே, ஸ்கிரீன்ஷாட் எடுத்து வை, பதிலுக்கு நீ எதுவும் போடாதே, என்றைக்கு எங்கே யார் என்ன செய்தார்கள் என்று ஒரு நோட்டில் எழுது என்றார். அந்த நோட்டு இருந்ததால்தான் "சும்மா விளையாட்டுக்கு சார்" என்ற பேச்சு எடுபடவில்லை. (ராத்திரி நேரத்தில் தாங்க முடியாமல் போனால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண் இருக்கிறது, 18 வயதுக்குட்பட்ட யாரும் எந்நேரமும் காசில்லாமல் பேசலாம்.)

வகுப்பு சார், நீங்கள் செய்யாததற்கும் நன்றி. எல்லோர் முன்னாலும் என்னை எழுப்பி விசாரிக்கவில்லை, கை குலுக்கிக்கொள்ளுங்கள் என்று நாடகம் போடவில்லை. அந்த நாலு பேரையும் தனித்தனியாகக் கூப்பிட்டுப் பேசினீர்கள், அவரவர் வீட்டிலிருந்து ஆள் வரவழைத்து ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டினீர்கள், அதன் பிறகும் ஒரு மாசம் போல மத்தியானம் வராந்தாவில் நடந்துகொண்டே இருந்தீர்கள். அந்த நடைதான் பெரிய விஷயம். இப்போது நாலு பேரில் ஒருவன் மட்டும் என்னோடு பேசுவதில்லை, அது போகட்டும்.

இதற்கெல்லாம் முன்னாலேயே, யாரும் சொல்லாமல், ஒருநாள் பையோடு எழுந்து வந்து என் பெஞ்சில் உட்கார்ந்தவனே, உனக்கு என்ன எழுதுவது என்றே தெரியவில்லை. ஆறுதல் ஒரு வார்த்தை சொல்லவில்லை நீ. உன் அரிசிம்பருப்பு சாதத்தை நடுவில் தள்ளி, கணக்கு நோட்டைக் கேட்டாய், அவ்வளவுதான். சிரிக்கிற கூட்டத்திலிருந்து ஒருத்தன் எழுந்துவிட்டால் மீதிப் பேருக்குச் சிரிப்பு அவ்வளவு சத்தமாக வருவதில்லை என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். அந்தக் கணக்கு நோட்டை நீ இன்னும் திருப்பித் தரவில்லை, ஞாபகம் இருக்கட்டும்.

ஆயுத பூஜைக்குக் கம்பெனிக்கு வருகிறேன் கான்ட்ராக்டர் அண்ணா. பொரி நான் வாங்கிக்கொள்கிறேன், மெசின் துடைக்க மட்டும் கூப்பிடாதீர்கள்.