2025–26 ஆண்டறிக்கை: செங்கோட்டை மூத்த குடிமக்கள் சங்கப் பொதுக்குழுவில் செயலாளர் வாசித்தது

பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும், அவர்களைக் கைப்பிடித்து அழைத்து வந்திருக்கும் பிள்ளைகள், பேரப்பிள்ளைகளுக்கும் வணக்கம். 2025 ஏப்ரல் முதல் 2026 மார்ச் வரையிலான நமது சங்கத்தின் பணிகளை உங்கள் முன் வைக்கிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். செயற்குழு மாதந்தோறும் கூடியது என்பதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல எதுவுமில்லை.

இந்த ஆண்டின் பெரும்பகுதி வேலை ஒரு பால் பாக்கெட்டிலிருந்து தொடங்கியது. ஜூலை மாதம், ஆரியங்காவுக் கணவாய் வழியாகச் சாரல் விடாமல் வீசிக்கொண்டிருந்த நாட்களில், தனியாக வசிக்கும் நம் உறுப்பினரான ஆச்சி ஒருவர் மாலையில் கொல்லைப்புறக் குளியலறையில் வழுக்கி விழுந்தார். கதவு உள்ளே தாழிடப்பட்டிருந்தது. கைப்பேசி அடுப்பங்கரை மேடையில் இருந்தது. கொல்லத்தில் வேலை பார்க்கும் மகன் இரவு அழைத்துப் பார்த்துவிட்டு, அம்மா தூங்கியிருப்பார் என்று விட்டுவிட்டார். மறுநாள் விடியற்காலையில் பால் போடும் தம்பி என் வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தி, “சார், நேத்து சாயங்காலம் போட்ட பாலு அப்படியே திண்ணையில கிடக்கு, ஆச்சி எடுக்கவே இல்ல” என்றார். தச்சரை அழைத்துக் கதவைப் பெயர்த்து எடுத்தபோது ஆச்சிக்கு நினைவு இருந்தது, இடுப்பெலும்பு முறிந்திருந்தது. அறுவைச் சிகிச்சை முடிந்து இன்று வாக்கரோடு இரண்டாம் வரிசையில் அமர்ந்திருக்கிறார். இதை அறிக்கையில் எழுதச் சொன்னவரும் அவரே.

அதன்பின் தனியாக வசிக்கும் உறுப்பினர்களின் வீடுகளுக்குச் செயற்குழுவினர் நேரில் சென்று குளியலறைகளைப் பார்வையிட்டோம். உட்புறமாகத் திறக்கும் கதவின் பின்னால் ஒருவர் விழுந்துவிட்டால், தாழ்ப்பாள் இல்லாவிட்டாலும் கதவைத் தள்ள முடியாது என்பதை அன்றுதான் புரிந்துகொண்டோம். முடிந்த இடங்களில் கதவை வெளிப்புறமாகத் திறக்குமாறு மாற்றி, உள்தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டு, வெளியிலிருந்து நாணயத்தால் திருகித் திறக்கக்கூடிய பூட்டைப் பொருத்தினோம். பல வீடுகளில் துண்டு போடும் கம்பியையே பிடித்துக்கொண்டு எழுந்திருக்கிறார்கள். அது ஆள் பாரத்தைத் தாங்காது. சுவரில் ஆழமாகப் பதித்த கைப்பிடி வேண்டும். தாழ்ப்பாளைக் கழற்றச் சம்மதிக்க வைக்கத்தான் மிகவும் பாடுபட்டோம். மானம் போகும் என்று சொன்னவர்களிடம் ஆச்சியே பேசிய பிறகுதான் இந்தக் காரியம் நடந்தது. இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுவோருக்குப் படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்தால் தலைசுற்றல் வரலாம் என்பதால், இரண்டு நிமிடம் கட்டில் விளிம்பில் உட்கார்ந்த பிறகே எழ வேண்டும் என்று ஒவ்வொரு வீட்டிலும் சொல்லிவிட்டு வந்தோம்.

காலை 7 மணிக்குள் ஒருவர் அடுத்தவரைத் தொலைபேசியில் அழைத்துப் பேசும் சங்கிலி ஆகஸ்ட் முதல் நடைபெற்று வருகிறது. வாட்ஸ்அப்பில் பூப்படம் போட்டுக் காலை வணக்கம் சொல்வது இதில் சேராது, குரல் கேட்க வேண்டும். இதைச் சிலர் இன்னும் ஏற்கவில்லை.

சொத்து விஷயத்தில் மூன்று உறுப்பினர்கள் நம்மை நாடினார்கள். 1956 நவம்பர் 1 அன்று சென்னை மாநிலத்தோடு இணையும்வரை திருவிதாங்கூர்–கொச்சியில் இருந்த ஊர் இது என்பதால், ஒருவருடைய மூலப்பத்திரம் மலையாளத்தில் இருந்தது. அதைப் படித்துச் சொல்ல நம்மிடையே ஆள் இருந்தது நல்லதாயிற்று. மற்ற இருவரும் பிள்ளைகளுக்குத் தானப்பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டுப் பிறகு வருந்தியவர்கள். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007, பிரிவு 23இன்படி, கவனித்துக்கொள்ளாத பிள்ளைக்கு எழுதிய பத்திரத்தை ரத்து செய்யக் கோட்டாட்சியர் தீர்ப்பாயத்தை அணுகலாம். ஆனால் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதப்பட்டிருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022இல் கூறியது. 2025 ஜனவரியில் வேறொரு வழக்கில், இச்சட்டம் முதியோரின் நலனுக்கானது என்பதை மனத்தில் கொண்டு தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்றும் கூறியது. தாராளத்தை நம்பியிருப்பதைவிட, அந்த ஒரு வரியைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்வது நல்லது என்பது என் கருத்து.

நவம்பரில் ஓய்வூதியர்களின் உயிர்வாழ் சான்றுக்காகத் தபால்காரரை நமது கூடத்துக்கே வரவழைத்தோம். ரப்பர்த் தோட்டத்தில் காலமெல்லாம் உழைத்த ஒரு தாத்தாவின் விரல்ரேகை ஐந்து முறை வைத்தும் பதியவில்லை. முகத்தைக் காட்டிப் பதியும் முறை 2021 முதல் இருக்கிறது. அது கண்சிமிட்டச் சொல்ல, அவர் சிமிட்டுவதற்குள் நேரம் முடிய, நான்காம் முறைதான் பச்சை விளக்கு எரிந்தது. கூடமே கைதட்டியது.

காவல் துறை அதிகாரி என்று சொல்லி வீடியோ அழைப்பில் ‘டிஜிட்டல் கைது’ என மிரட்டியவனிடம் ஓர் உறுப்பினர் வங்கி விவரங்களைச் சொல்லும் தறுவாயில் அவருடைய பேத்தி தொலைபேசியைப் பிடுங்கிவிட்டாள். அப்படியொரு கைது சட்டத்தில் இல்லை. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 எண்ணை அழைக்கவும். முதியோர் உதவிக்கு 14567. 2025 ஆகஸ்டில் தொடங்கிய தாயுமானவர் திட்டத்தில் முதியோர் வீட்டுக்கே ரேஷன் பொருள்கள் வருவதால், நாம் நடத்திவந்த ரேஷன் ஆட்டோவுக்கு இப்போது தேவை குறைந்துள்ளது.

கொல்லம் – திருமங்கலம் தேசிய நெடுஞ்சாலையில் எல்லையை நோக்கி ஓடும் கனரக லாரிகளுக்கு நடுவே சாலையைக் கடக்க நம்மவர்கள் படும் பாட்டைச் சொல்லி, வேகத்தடையும் கடக்கும் கோடும் கேட்டு உரிய அலுவலகத்துக்கு இரண்டு மனுக்கள் அனுப்பினோம். பதில் வரவில்லை. மூன்றாவது மனு தயாராக உள்ளது. உறுப்பினர்கள் கையொப்பமிட வேண்டுகிறேன்.

தனியாக வசிப்போர் ஒவ்வொருவரும் வீட்டின் மாற்றுச் சாவியைத் தாம் நம்பும் அண்டை வீட்டாரிடம் கொடுத்து, அவர் பெயரைச் சங்கப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்ற தீர்மானம் இன்று முன்வைக்கப்படுகிறது. பதிவேடு வாசல் மேசையில் இருக்கிறது. ஆச்சியின் பெயர் முதலில் எழுதப்பட்டிருக்கிறது. சாவி பால் போடும் தம்பியிடம்.

செயலாளர்