குழந்தைகளின் திரைக்கு ஒரு முடிவு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

குழந்தைகளின் கைப்பேசிப் பழக்கம் பற்றிய பேச்சு பெரும்பாலும், நாளொன்றுக்கு எவ்வளவு நேரம் அனுமதிக்கலாம் என்ற கேள்வியோடு நின்றுவிடுகிறது. சிறு குழந்தைகளைப் பொறுத்தவரை இதற்குத் தெளிவான விடை உண்டு. 2 வயது நிறையாத குழந்தைக்குத் திரையே வேண்டாம் என்றும், 2 முதல் 4 வயது வரை நாளொன்றுக்கு 1 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்றும் உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வழிகாட்டியது. அளவு தெரிந்த பெற்றோராலும் அதைக் கடைப்பிடிக்க முடியாமல் போவது ஏன் என்பதைத்தான் நாம் யோசிக்க வேண்டும் என்று கருதுகிறேன்.

இன்றைய செயலிகளில் ஒரு காணொளி முடிந்த சில நொடிகளில் அடுத்தது தானாகத் தொடங்குகிறது. குறுங்காணொளிகளோ விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருக்கின்றன. பெரியவர்களையே எழவிடாத இந்த ஏற்பாட்டின் முன், தன்னைக் கட்டுப்படுத்தும் ஆற்றல் இன்னும் முதிராத குழந்தையை உட்கார வைத்துவிட்டு, "போதும் என்று உனக்கே தெரிய வேண்டாமா?" என்று கடிந்துகொள்வது நியாயமாகாது. நாம் அடம் என்று சொல்வதில் பெரும்பகுதி, பார்த்துக்கொண்டிருப்பதைப் பாதியில் பிடுங்குவதால் வரும் கோபமே.

ஆகவே, காணொளிகள் தானாகத் தொடர்வதை அமைப்புகளுக்குள் சென்று நிறுத்திவிடுவதே முதல் வேலை. எதைப் பார்ப்பது என்பதைக் குழந்தையோடு சேர்ந்து முன்பே முடிவு செய்து, அது முடிந்ததும் கருவியை வாங்கி வைக்கலாம். கடிகாரம் பார்க்கத் தெரியாத வயதில் 'இன்னும் பத்து நிமிடம்' என்பது வெறும் சொல். 'இந்தக் கதை முடியும் வரை' என்பது விளங்கும். முதல் சில நாள்கள் அழுகை இருக்கும், சலிப்பும் இருக்கும். அந்தச் சலிப்பைக் கண்டு பதறி மீண்டும் கைப்பேசியை நீட்டாமல் பொறுத்திருந்தால், குழந்தை தானாகவே விளையாட்டைத் தேடிக்கொள்ளும்.

அவ்விளையாட்டு வெளிச்சத்தில், வெட்டவெளியில் அமைந்தால் கண்ணுக்கும் நல்லது. சீனாவின் குவாங்சோ நகரத் தொடக்கப் பள்ளிகளில் நடந்து 2015-இல் வெளியான ஆய்வில், தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியில் செலவிட்ட மாணவர்களில் மூன்றாண்டுகளுக்குள் ஏறத்தாழ 30 விழுக்காட்டினருக்கே கிட்டப்பார்வை வந்தது. மற்றவர்களில் அது ஏறத்தாழ 40 விழுக்காடு.

இரவில் எல்லோருடைய கைப்பேசியும் படுக்கையறைக்கு வெளியே சார்ஜ் ஏறட்டும். எல்லோருடையதும் என்பதை அழுத்திச் சொல்கிறேன். பெற்றோர் போர்வைக்குள் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் வீட்டில் குழந்தைக்கு இடும் கட்டளை எடுபடாது. காலையில் எழுப்ப ஓர் அலாரம் கடிகாரம் போதும்.

பள்ளிகளுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. வீட்டுப்பாடத்தை வாட்ஸ்அப் குழுவில் அனுப்பும்போது, அதைப் படிக்கவென்றே கைப்பேசி குழந்தையின் கைக்குப் போகிறது. திரும்பி வருவதற்குள் நாலைந்து காணொளிகள் ஓடி முடிந்திருக்கும். கீழ் வகுப்புகளுக்காவது வீட்டுப்பாடத்தைக் கரும்பலகையில் எழுதி, குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளச் செய்யுமாறு தலைமையாசிரியர்களைத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்