பழுப்பு கறுக்கும்வரை பொறுத்திருங்கள்

எங்கள் பகுதியில் சாலை போடும் பொறியாளர்களுக்கும் ஒப்பந்தக்காரர்களுக்கும் வணக்கம்.

பேருந்து நிறுத்தத்துக்கு முன்னால் போன மழைக்கு முன்புதான் புதுத் தார் போட்டீர்கள். இப்போது அங்கே பிறை பிறையாக விரிசல். பெயர்ந்த துண்டு ஒன்றைக் கையில் எடுத்தேன். எண்ணெய் தடவிய கல்லிலிருந்து தோசை வருகிற மாதிரி முழுசாக வந்தது. அடியில் பழைய சாலை அப்படியே இருக்கிறது, அதன்மேல் மாவு போலத் தூசி.

துண்டு கெட்டியாகத்தான் இருக்கிறது, கலவையைக் குறை சொல்ல மாட்டேன். கோளாறு பழைய சாலைக்கும் புதுத் தாருக்கும் நடுவில், இரண்டையும் ஒட்டவைக்கத் தெளிக்கும் பசைப் பூச்சான டேக் கோட்டில்.

வேலை நடந்த இரவு மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். காற்றடித்துத் தூசியை விரட்டும் கம்ப்ரெசர் வரவில்லை, ஒருவர் துடைப்பத்தால் பெருக்கினார். டேக் கோட்டுக்கான எமல்ஷனைப் பூவாளியில் கோடு கோடாக ஊற்றினார்கள். அது பழுப்பாக இருக்கும்போதே டிப்பர் ஏறியது, பாதி டயரோடு போனது. எமல்ஷன் என்பது தண்ணீரில் மிதக்கும் தார்த் துளிகள். தண்ணீர் பிரிந்து நிறம் கறுத்த பிறகுதான் அது பசை. உங்களுக்குத் தெரியாததல்ல. பழைய தார்த் தளத்தின்மேல் சதுர மீட்டருக்கு 0.20 முதல் 0.30 கிலோ என்று மத்திய சாலை அமைச்சக விவரக்குறிப்பே சொல்கிறது. சீராகத் தெளித்தால் தானே அந்த அளவுக்குப் பொருள்?

ஒட்டாவிட்டால் என்ன நஷ்டம் என்பதற்கு ஒரு கணக்கு. வளையாமல் தாங்கும் விறைப்பு தடிமனின் மும்மடியில் கூடும், அதாவது தடிமன் இரண்டு மடங்கானால் விறைப்பு எட்டு மடங்கு. அதனால் ஒன்றாக ஒட்டிய 10 செ.மீ. தளத்தின் விறைப்பில் கால்வாசிதான், ஒட்டாத இரண்டு 5 செ.மீ. தளங்களுக்குச் சேர்த்து. வாங்கிப் போட்ட தார் முழுசாக இருக்கிறது, பலம் மட்டும் இல்லை. பேருந்து பிரேக் போடும் இடத்தில் மேல்தளம் தனியாக முன்னே தள்ளப்படுகிறது. பிறை விரிசல் அங்கிருந்துதான் வருகிறது.

பழைய தாரைச் சுரண்டிவிட்டே புதுசு போட வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாட்டுத் தலைமைச் செயலாளர் உத்தரவிட்டார். வீடுகள் பள்ளத்துக்குள் போகாமல் இருக்க அது நல்ல ஏற்பாடு. சுரண்டிய சொரசொரப்பு பிடிப்பும் தரும். ஆனால் அப்படிச் சுரண்டிய (மில்லிங்) பள்ளங்களில் பொடியை விட்டுவைத்தால் அந்தப் பிடிப்பு வீண்.

அடுத்த வாரம் இங்கே ஒட்டுப்போட வருகிறீர்களாம். காற்றடித்துப் பொடியை வெளியேற்றுங்கள். குழாய் வைத்த தெளிப்பானைக் கொண்டுவாருங்கள். கறுக்கும்வரை வண்டியை நிறுத்திவையுங்கள். தளம் போட்ட அப்புறம் ஒரு கோர், அதாவது சாலையைத் துளைத்து எடுக்கும் உருளைத் துண்டு, எடுத்துப் பாருங்கள், இரண்டாகப் பிரிகிறதா என்று. பெயர்ந்த துண்டு என் வீட்டுத் திண்ணையில் இருக்கிறது. வேலை தொடங்குமுன் வந்து அதன் அடிப்பக்கத்தைத் தடவிப் பாருங்கள்.