யுபிஎஸ் பேட்டரியும் அப்பாவின் மணிவிழாவும்

அன்புள்ள முத்து,

ஏழு மாதமாக ஒரு வரி இல்லை என்று திட்டிக்கொண்டிருப்பாய். திட்டு. தங்கச்சியும் பிள்ளைகளும் நலம்தானே? இங்கே அம்மாவுக்கு முழங்கால் வலி, மற்றபடி சௌக்கியம்.

யுபிஎஸ் பேட்டரியை மாற்றச் சொல்லி பொங்கலுக்கே தலையில் அடித்துக்கொண்டாய். நான் மாற்றவில்லை. போன மாதம் ஹார்ட் டிஸ்க்கில் படங்களைக் காப்பி செய்துகொண்டிருந்தபோது கரண்ட் போய்விட்டது. வந்ததும் திறந்தால், 'ஃபார்மட் செய்யவா?' என்று கேட்கிறது. அப்பாவின் மணிவிழாப் படங்கள் மொத்தமும் அதில்தான். வேறு எங்கும் கிடையாது. ஆமாம், தெரியும், சொல்லாதே.

பதறிப்போய் செக்டிஸ்க் (டிஸ்க் பிழைகளைத் திருத்தும் விண்டோஸ் கருவி) ஓட்டினேன். 'ரா' டிரைவ், அதாவது ஃபைல்களை அடுக்கிய முறையே அடையாளம் தெரியவில்லை, ஆகாது என்று கைவிரித்துவிட்டது. நல்லவேளை! சேகர் போனிலேயே கத்தினான்: "எதையும் ரிப்பேர் பண்ணாதடா, முதல்ல நகல் எடு!" டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் அறிக்கையில் 197 என்ற எண்ணுள்ள வரியைப் பார்க்கச் சொன்னான். 24 என்று இருந்தது. அத்தனை செக்டர்கள் (டிஸ்க்கின் குட்டிக் கட்டங்கள்) படிக்க முடியாமல் கிடக்கின்றனவாம். செக்டிஸ்க் திருத்தி எழுதுவதும் அதே டிஸ்க்கில்தானே? ஐசியுவில் இருப்பவரை எழுப்பி மாடி ஏறச் சொன்ன கதைதான்.

புது டிஸ்க் வாங்கி, பென் டிரைவிலிருந்து விண்டோஸுக்குப் பதில் உபுண்டுவைக் கிளப்பி, கெட்ட டிஸ்க்கை நகலெடுக்கும் டிடிரெஸ்க்யூவை ஓட்டினேன். அது கெட்டிக்காரத்தனமாக நல்ல இடங்களை முதலில் அள்ளிவிட்டு, மக்கர் செய்யும் இடங்களுக்குக் கடைசியில்தான் திரும்புகிறது. எதுவரை முடிந்தது என்று ஒரு மேப் ஃபைலில் குறித்தும் வைக்கிறது. நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். (போனது. பேட்டரி அன்றும் மாற்றியிருக்கவில்லை.) 1 டெராபைட்டுக்கு இரண்டு ராத்திரி.

அப்புறம் நகலில், திறக்காத டிஸ்க்கை மீட்கும் டெஸ்ட்டிஸ்க். முத்து, அந்தத் திரையை நீ பார்த்திருக்க வேண்டும். 'பூட் செக்டர்: பேட். பேக்கப் பூட் செக்டர்: ஓகே.' விண்டோஸ் ஃபைல்களை அடுக்கும் முறையான என்டிஎஃப்எஸ், தன் முதல் செக்டரான பூட் செக்டரின் நகல் ஒன்றைப் பார்ட்டிஷனின் (டிஸ்க்கில் பிரித்த பகுதியின்) கடைசிச் செக்டரில் ஒளித்துவைத்திருக்கிறது! அந்த முதல் செக்டர் வெறும் 512 பைட். அதற்குத்தான் மொத்த டிஸ்க்கும் காலி மாதிரி நின்றது. பேக்கப்பை முன்னால் எழுதச் சொன்னதும் ஃபோல்டர்கள் வரிசையாக வந்து நின்றன. ராத்திரி இரண்டு மணிக்கு அம்மாவை எழுப்பிவிட்டேன்.

படிக்க முடியாத செக்டர்களில் மாட்டிய நான்கு படங்கள் மட்டும் பாதிக்குக் கீழே வெறும் சாம்பல் நிறம். ஒன்றில் அப்பாவின் முகமும் மாலையும் இருக்கின்றன, கைகள் இல்லை. அம்மா ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "மாலை வரைக்கும் இருக்கே, போதும்" என்றாள்.

அடுத்த வாரம் சேகர் உங்கள் ஊருக்கு வருகிறான். எல்லாவற்றையும் ஒரு டிஸ்க்கில் போட்டுக் கொடுத்துவிடுகிறேன், உன் பீரோவில் வை. பந்தியில் நீ மூன்றாவது தடவை பாயசம் வாங்கும் படமும் அதில் இருக்கிறது. அதில் ஒரு செக்டர்கூடக் கெடவில்லை.

உன்,
ராஜு